பெரிய மீனாகப் பார்த்துக் கொடுத்தவன்

2024 ஜூன் 27, வியாழன்

தீனி: மத்தி நாலு கிலோ, ஆழிச் சிப்பி ஒரு வாளி. தண்ணீர் கலங்கல். செத்தது: இல்லை.

இந்த நோட்டை மீன்குஞ்சு பொரிப்பகத்து மோகனப்ரியா மேடம் கொடுத்தது மேலே இருக்கிற ஒரு வரியை எழுதத்தான். பத்தாவதில் தமிழில் மட்டும் நல்ல மார்க் வாங்கியவனிடம் இருநூறு பக்க நோட்டைக் கொடுத்தால் சும்மா இருப்பானா? கீழே என் கதையை எழுதிக்கொள்கிறேன். மாதக் கடைசியில் தீனி வரியை மட்டும் வேறு தாளில் பார்த்து எழுதி மேடத்திடம் கொடுத்துவிடுவேன்.

இன்று பிராங்கிளின் என் மீன் கூண்டுக்கு வந்தான். எங்கள் ராயபுரம் கோயில் திருவிழா கமிட்டிக்கு அவன்தான் செயலாளர். எண்ணூர் ஆற்றில் நடுவே கிடக்கும் கூண்டுக்கு வெள்ளைச் சட்டையோடு வருகிற ஒரே மனிதன். சட்டையில் தண்ணீர் படக்கூடாது என்று படகில் பாதி தூரம் நின்றுகொண்டே வந்தான். நாளை மறுநாள் இராயப்பர் திருவிழா. ஏலத்துக்கு முதல் மீன் மூன்று வருடமாக என் கூண்டிலிருந்துதான் போகிறது.

"மாமு, போன தபாவ வுட பெருசா குடு. வெளியூர் சாமியார்லாம் வராங்கோ."

கமாலுதீன் வலையைத் தூக்கினான். அவன் புளியந்தோப்பிலிருந்து வருகிறவன். கூண்டில் எனக்குப் பங்காளி. முதலில் மேலே வந்தது கோணவாய். குஞ்சில் தூண்டிலில் மாட்டிப் பிழைத்த மட்டவா மீன், அன்றிலிருந்து வாய் ஒரு பக்கமாக இழுத்திருக்கும்.

"இது இன்னாடா, மூஞ்சி இஸ்துகினு கீது? கோயிலுக்கு ஆவாது. வேற காட்டு."

"ஏன் நைனா, மீனு ஜெபம் பண்ணப் போவுதா?" என்றான் கமாலுதீன்.

வாய் நேராக இருந்ததில் பெரியதாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். ஒன்றேகால் கிலோ. வெள்ளியில் வார்த்த தட்டு மாதிரி இருந்தது. எனக்கே கொஞ்சம் கர்வம்தான்.

2024 ஜூன் 29, சனி

மைக்கில் என் பெயரைச் சொன்னார்கள். "எர்ணாவூர் கஸ்பார் அவர்கள் தமது கூண்டிலேயே சிறந்ததைக் காணிக்கையாக அளித்துள்ளார்." மைக்கைப் பிடித்தால் பிராங்கிளினுக்கும் புத்தகத் தமிழ் வந்துவிடுகிறது. ஜூன் மாதப் புழுக்கத்தில் சால்வை போட்டார்கள். மூன்றாவது சால்வை. முதல் சால்வையில் என் மனைவி ஹில்டா மிக்சிக்கு உறை தைத்தாள். அடுத்த சால்வை வருவதற்குள் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதனால் அதுவும் இதுவும் பீரோவில்.

மகள் ஜூடி வரவில்லை. தலைவலியாம். வீட்டுக்கு வந்து சால்வையைக் காட்டினேன்.

"நல்லா கீது நைனா." நிமிர்ந்து பார்க்கவில்லை.

2024 ஜூலை 14, ஞாயிறு

தீனி: மத்தி மூன்று கிலோ. செத்தது: இல்லை.

மெர்லின் அக்கா திருச்சியிலிருந்து வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனார். ஹில்டாவின் அக்கா. அத்தான் பொன்மலையில் ரயில்வே வேலை, குவார்ட்டர்ஸ் வீடு, வாசலில் மாமரம். பிள்ளை இல்லை.

போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க விடியறதுக்குள்ள ஆத்துக்குப் போறீங்க. வரும்போது இருட்டிடுது. பதினஞ்சு வயசுப் பொண்ணு தனியா கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கா. வீட்ல ஒரு பொம்பள வேணாமா? பத்தாவது முடிக்கட்டும், நான் கூட்டிட்டுப் போறேன்."

தப்பாக எடுத்துக்கொள்ள இதில் என்ன இருக்கிறது? அத்தனையும் நிஜம். நேற்று அவர் ஜூடியின் தலையில் எண்ணெய் வைத்துச் சிக்கெடுத்தபோது சீப்பில் ஒரு கைப்பிடி முடி வந்தது. அந்தத் தலையை நான் தினமும்தான் பார்க்கிறேன்.

"அக்கா, பொரிப்பகத்துல எனக்கு வேலை போட்டுத் தரேன்னு மேடம் சொல்லிக்கிறாங்கோ. காலைல எட்டு மணி, சாயந்திரம் அஞ்சு மணி. அது வந்துட்டா நான் வூட்டுலயே இருப்பேன்."

"எப்ப வரும்?"

"மீனு முட்டை வுட்டதும்."

அக்கா என்னை வெகுநேரம் பார்த்தார். பாவம், அவருக்கு இதை எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியவில்லை.

விஷயம் இதுதான். மட்டவா குளிர்காலத்தில் முட்டை விடும். என் கூண்டு மீன்கள் இந்தக் குளிரில் முட்டைக்கு வந்தால் அவற்றைத் தாய்மீனாகப் பொரிப்பகத்துத் தொட்டிக்குக் கொண்டுபோவார்கள். மீனோடு சேர்த்து என்னையும் எடுத்துக்கொள்வார்கள், பராமரிப்பாளர் என்று. அப்படி ஆனால் ஜூடி இங்கே. ஆகாவிட்டால் ஜூடி பொன்மலையில்.

2024 ஆகஸ்ட் 3, சனி

இன்று ஜூடி என்னிடம் பேசியது: "சரி." "இல்ல." "தெரில." மட்டவாகூட என் காலடி கேட்டால் மேலே வருகிறது.

2024 செப்டம்பர் 11, புதன்

பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது மடித்த சீட்டு ஒன்றை என் சட்டைப் பையில் வைத்தாள். "மெடிக்கல் ஷாப்புல குடு. படிக்காத." படித்தேன், பெண்பிள்ளைக்கு மாதாமாதம் வேண்டியது. படித்திருக்க வேண்டாம், கடைக்காரரைப் பார்த்ததும் முதலில் தலைவலி மாத்திரை கேட்டேன், அப்புறம் இருமல் மருந்து, அப்புறம்தான் சீட்டு. அவர் அதைச் செய்தித்தாளில் நான்கு சுற்று சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, கவுண்ட்டருக்கு அடியில் நீட்டினார். சாராயம் கடத்துகிறவன் மாதிரி வாங்கிக்கொண்டு வந்தேன்.

அவள் எழுதியது வேறாம். அது இல்லை, இது போதுமா என்று கடைக்காரர் சீட்டைத் திருப்பித் தந்தபோது நான் பதற்றத்தில் தலையை ஆட்டி வேறு ஏதோ வாங்கி வந்திருக்கிறேன். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அழுகிற சத்தம். இது சீட்டுக்காக அழுகிற அழுகை இல்லை என்று எனக்கும் தெரியும். தட்டலாமா? தட்டி என்ன சொல்வது? வெளியே நின்றேன். இருமல் மருந்து கையில் இருந்தது.

2024 நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். மெழுகுவத்தி காற்றில் நிற்கவில்லை. நானும் ஜூடியும் மாறி மாறிக் கையால் மறைத்துக்கொண்டிருந்தோம். ஹில்டாவிடம் சொன்னேன், இந்த மாதம் மேடம் மீனைச் சோதிக்க வருகிறார், எல்லாம் சரியாகிவிடும், பெண் உன் வீட்டில்தான் இருப்பாள் என்று.

2024 நவம்பர் 19, செவ்வாய்

தீனி இல்லை, சோதனை நாள்.

எழுதிவிடுகிறேன்.

காலையில் மேடம் வந்தார். பெரிய டப்பாவில் ஆற்றுத் தண்ணீர், அதில் கிராம்பு எண்ணெய். மீனை அதில் விட்டால் இரண்டு நிமிஷத்தில் மயங்கிவிடும். "பிரியாணி வாசனை வருது மேடம், மயக்கம் எங்களுக்குத்தான்" என்று கமாலுதீன் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். மயங்கிய மீனின் அடியில் மெல்லிய குழாயை விட்டு மேடம் இலேசாக உறிஞ்சி எடுப்பார். முட்டை இருந்தால் குழாயில் ரவை மாதிரி மணி மணியாக வருமாம்.

முதல் மீன். பால். ஆண்.

இரண்டாவது. பால்.

பத்தாவது மீன் வரைக்கும் நான் பேசிக்கொண்டிருந்தேன். பதினைந்துக்கு மேல் கமாலுதீனும் பேசவில்லை. முப்பத்தோரு மீன். முப்பதிலும் பால். கோணவாயிடம் மட்டும் பாலும் இல்லை, ரவையும் இல்லை. அது நோஞ்சான் என்று எழுதிக்கொண்டார்.

"ஒரு பொண்ணுகூட இல்லண்ணா."

"இன்னா மேடம் சொல்றீங்கோ?"

"மட்டவா எல்லாமே முதல்ல ஆண்தான். மூணு, நாலு வருஷம் ஆனா, நல்லா வளர்ந்ததெல்லாம் பொண்ணா மாறும். சின்னது அப்பா, பெருசு அம்மா. நாப்பத்தி நாலு மீன் இருக்கணும், உங்க நோட்டுல செத்ததுன்னு எதுவும் இல்ல. இங்க முப்பத்தொண்ணுதான் இருக்கு. பெரிய மீனெல்லாம் எங்க?"

கமாலுதீன்தான் சொன்னான், "கோயிலுக்குக் குடுத்தோம் மேடம்."

மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திரும்பும்போது படகில் கமாலுதீன், "இத்தினி நாளா நாம நடத்தினது ஆம்பளைங்க ஹாஸ்டலு மாமு" என்றான். சிரித்தோம். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் நான் மட்டும் சிரித்துக்கொண்டே இருக்கிறேன், நிறுத்த வரவில்லை. அவன் துடுப்பை வைத்துவிட்டு என் முதுகைத் தட்டினான்.

2024 நவம்பர் 20, புதன்

பதின்மூன்று மீன். ஞாபகப்படுத்திப் பார்த்தேன்.

திருவிழா ஏலத்துக்கு மூன்று. சாமியார் மாறிப் போனபோது வழியனுப்பு விருந்துக்கு இரண்டு. புதுச் சாமியார் வந்தபோது இரண்டு. அவருக்குக் குறைத்துக் கொடுத்தால் நன்றாக இருக்காதே. கிறிஸ்துமஸுக்கு, ஈஸ்டருக்கு என்று மூன்று. பிராங்கிளின் மகள் நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு. அப்புறம் ஹில்டா ஆஸ்பத்திரியிலிருந்து கடைசியாக வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு ஒன்று, குழம்பு வைத்தேன். உப்பு அதிகம் என்று சொன்னாள், ஆனாலும் சாப்பிட்டாள்.

எல்லாமே கூண்டில் இருந்ததில் பெரியதாகப் பார்த்து. சின்னதைக் கொடுத்தால் மரியாதை இல்லை, சின்னது வளரட்டும் என்றுதானே நினைப்போம்? கடவுளுக்குக் கொடுப்பதில் எவனாவது சின்னதாகப் பார்த்துக் கொடுப்பானா?

மேடம் கொடுத்த நோட்டில் "செத்தது" என்று ஒரு கட்டம் இருக்கிறது. "கொடுத்தது" என்று கட்டம் இல்லை. அதனால் நான் எழுதவில்லை. செத்தால்தானே செத்தது.

2024 நவம்பர் 30, சனி

புயல். ஆறு முழுக்க மழைத் தண்ணீர், உப்பே இல்லை. கூண்டின் ஒரு மூலை மிதவை அறுந்தது.

2024 டிசம்பர் 2, திங்கள்

செத்தது: மூன்று. கண் வெளுத்து, வயிறு மேலாக.

2024 டிசம்பர் 8, ஞாயிறு

ஜூடியிடம் சொல்லிவிட்டேன், வேலை இந்த வருடம் இல்லை என்று. ஏன் என்று கேட்டாள். சொன்னேன். உயிரியல் புத்தகத்தை மடியில் வைத்திருந்தாள், மூடிவிட்டுக் கேட்டாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் முழுசாக ஒரு வாக்கியம் வந்தது.

"அப்ப இனிமே கூண்டுல அம்மாவே வராதா?"

"வருமாம். பெருசு ஒண்ணும் இல்லன்னா, மீதில கீறதுல எதுனா ஒண்ணு மாறுமாம். ஒரு வருசம், ஒன்ற வருசம் ஆவுமாம்."

"எனக்கு மே மாசம் ரிசல்ட்டு" என்றாள். புத்தகத்தைத் திறந்துகொண்டாள்.

2025 ஜனவரி 17, வெள்ளி

தீனி: கணவாய் இரண்டு கிலோ, ஆழி ஒரு வாளி.

பொரிப்பகத்து வேலைக்குப் பழவேற்காட்டிலிருந்து ஒருவரை எடுத்துவிட்டார்கள். அவருடைய மீன்கள் முட்டை விட்டனவாம். ஒரு வருடத்துக்குத்தான், அப்புறம் பார்க்கலாம் என்று மேடம் சொன்னார். பொங்கலுக்கு வாங்கிய கரும்பு மூலையில் காய்ந்து நிற்கிறது.

கமாலுதீன் சமாதானம் சொல்ல வந்தான். "வுடு மாமு. மீனுக்கு மாறத் தெரியுது, நீயும் மாறிக்கோ. பேஜாரே இல்ல." சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஜூடி பள்ளியிலிருந்து வருவதற்குள் ரிப்பன் வைத்து ஒரு பொம்மைக்குப் பின்னல் போட்டுப் பார்த்தேன். பொம்மை என்றால், தேங்காய் நார். ஆறாவது தடவை பின்னல் மாதிரி வந்தது. காட்டலாம் என்று வைத்திருந்தேன். அவள் வந்ததும் வெட்கமாகப் போய்க் குப்பையில் போட்டுவிட்டேன்.

2025 மார்ச் 9, ஞாயிறு

செத்தது: இரண்டு. ஆற்றில் சாம்பல் நிறம். மீன்கள் காலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன.

2025 ஏப்ரல் 15, செவ்வாய்

கடைசிப் பரீட்சை. வாசலில் காத்திருந்தேன். மற்ற பிள்ளைகள் மை தெளித்துச் சட்டையை நாசமாக்கிக்கொண்டிருந்தார்கள். இவள் சட்டை வெள்ளையாகவே இருந்தது. யாரும் இவள் மேல் தெளிக்கவில்லையா, இவள் நிற்கவில்லையா? கேட்கவில்லை.

2025 மே 16, வெள்ளி

441. மெர்லின் அக்கா எனக்கு முன்னாலேயே கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு போன் செய்தார். திருச்சியில் நல்ல பள்ளிக்கூடத்தில் இடம் சொல்லி வைத்திருக்கிறார்.

"உனக்குப் போவ இஷ்டமா?" என்று ஜூடியைக் கேட்டேன்.

"நீ இன்னா சொல்ற?" என்று என்னைக் கேட்டாள்.

"பெரியம்மா நல்லாப் பாத்துக்குவாங்கோ."

இதைத்தான் சொன்னேன். வேறு எதையும் சொல்லவில்லை. "போவாத" என்று ஒரு வார்த்தை. அதற்கு என்ன செலவு?

2025 மே 24, சனி

எழும்பூரில் ரயில் ஏற்றிவிட்டு வந்தேன்.

நேற்று துணி அடுக்கும்போது நடந்ததை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன். எழுதாமல் விட்டதற்குத்தான் இவ்வளவும்.

பீரோவிலிருந்து அவள் துணியை எடுத்தபோது சால்வைகள் இரண்டும் கீழே விழுந்தன. எடுத்து உதறி, "திருச்சில குளுரும், வச்சிக்கோ" என்றேன். திருச்சியில் எங்கே குளிர்?

அதை வாங்கிக்கொண்டு நின்றாள். அப்புறம் சத்தமே இல்லாமல் கேட்டாள்.

"யாரு வந்து கேட்டாலும் நல்லதாப் பாத்து எடுத்துக் குடுத்துருவ, இல்ல நைனா?"

நான் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தேன். அது மாட்டிக்கொண்டு வரவில்லை.

ஒரு தபாவாவது குடுக்க மாட்டேன்னு சொல்லியிருக்கலாமே — அதையும் அவள்தான் சொன்னாள். அதற்கும் நான் ஜிப்பைத்தான் பார்த்தேன். இவ்ளோ பெரிய ஆம்பள, ஒரு ஜிப்பு இஸ்துகினு நிக்கறேன். சால்வையை மடித்துப் பீரோவிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

2025 மே 25, ஞாயிறு

போகவில்லை. தீனி போடவில்லை.

2025 மே 27, செவ்வாய்

இரண்டு நாளும் கமாலுதீன்தான் தீனி போட்டிருக்கிறான். வீட்டுக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டு, "மூஞ்சி கய்வு, சோறு துன்னு, கெளம்பு. மீனு உன்னைத்தான் தேடுது, என்னப் பாத்தா அடிக்குப் பூடுது" என்றான். பொய். மட்டவா பசியில் யாரையும் பார்க்காது. எழுந்து போனேன்.

2025 ஜூன் 26, வியாழன்

தீனி: மத்தி இரண்டு கிலோ. இருப்பு: இருபத்தாறு. செத்தது: இல்லை. கொடுத்தது: இல்லை.

"கொடுத்தது" என்று நானே ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் போட்டிருக்கிறேன்.

பிராங்கிளின் வந்தான், அதே வெள்ளைச் சட்டை. "பெருசா ஒண்ணு, மாமு."

"இல்லப்பா."

"இன்னா இல்ல? அதோ சுத்திகினு கீதே."

"அது குடுக்கறதுக்கு இல்ல. ஏலத்துக்கு நாங்க காசிமேட்டுல மீனு வாங்கித் தரோம்."

"கடையில வாங்கிப் போட்டா காணிக்கையா? இன்னா மாமு, ஹில்டா அக்கா போனப்பால உனக்கு சாமி மேல கோவமா?"

அந்தப் பெயரை இழுத்ததும் கமாலுதீன் படகைத் தள்ளிவிட்டான். பிராங்கிளின் சட்டை நனைந்தது. கோயிலில் இந்த வருடம் என் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ஞாயிறு திருவிழாவில் கடைசி வரிசையில் நின்று கும்பிட்டுவிட்டு வரப்போகிறேன்.

ஒரு வருடம் முன்னால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டியதை இப்போது ஒரு மீனுக்காகச் சொன்னேன்.

2025 ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா திருநாள். ஜூடிக்கு போன் போட்டேன். பின்னால் பாத்திரச் சத்தம், சிரிப்பு. குரல் நன்றாக இருந்தது. முடி கொட்டுவது நின்றுவிட்டதாம். பயாலஜி குரூப்பாம். நான் தீனி, தண்ணீர், கமாலுதீன் என்று பேசிக்கொண்டே போனேன்.

"சரிப்பா, அம்மா கூப்பிடுறாங்க, வச்சிடவா?"

வைத்துவிட்டாள்.

அக்காவை அப்படிக் கூப்பிடுவதில் தப்பு இல்லை. பெரியம்மாவும் அம்மாதான். பிள்ளைக்கு ஒரு அம்மா கிடைத்திருக்கிறாள், சந்தோஷப்பட வேண்டும். சந்தோஷம்தான்.

நான் எப்போது நைனாவிலிருந்து அப்பா ஆனேன்?

2025 அக்டோபர் 23, வியாழன்

செத்தது: ஒன்று. மழை. சோறு வடிக்க மறந்து அரிசி கஞ்சியாகிவிட்டது, குடித்தேன். ஒரு ஆளுக்குச் சமைப்பதுதான் கஷ்டம், எந்தப் பாத்திரமும் பெரியதாக இருக்கிறது.

2025 டிசம்பர் 11, வியாழன்

சோதனை. மேடம், கிராம்பு எண்ணெய், அதே டப்பா. நான் போகவே இல்லை, அதாவது கூண்டில்தான் இருந்தேன், ஆனால் முதுகைக் காட்டிக்கொண்டு வலையில் ஓடு ஓடாக ஒட்டியிருந்த கொட்டலசைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். பால், பால் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அப்புறம் சத்தம் நின்றது.

"அண்ணா, இங்க வாங்க."

குழாயில் ரவை. மணி மணியாக, இலேசான மஞ்சளில்.

கோணவாய்.

"போன வருஷம் நோஞ்சான்னு எழுதினேன். அப்ப இது ஆணுக்கும் பொண்ணுக்கும் நடுவுல இருந்திருக்கு" என்றார் மேடம். "இத மட்டும் யாருக்கும் குடுக்காம வச்சீங்களே!"

நானா வைத்தேன்? வாய் கோணல் என்று யாரும் வாங்கவில்லை. அதை நான் மேடத்திடம் சொல்லவில்லை. கமாலுதீன் மீனைத் தண்ணீரில் விடுவதற்கு முன் அதன் கோண வாயைத் தொட்டுக் கையை முத்தமிட்டுக்கொண்டான்.

அதற்கப்புறம் இன்னொன்றிலும் வந்தது. இரண்டு தாய்.

ஜூடிக்குச் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தேன். அரையாண்டுப் பரீட்சை நேரம். வைத்துவிட்டேன்.

2026 ஜனவரி 6, செவ்வாய்

சாயங்காலம், பொரிப்பகத்துத் தொட்டியில். இருட்டுகிற நேரத்தில் ஆண்கள் கோணவாய்க்குப் பின்னாலேயே முட்டி முட்டிச் சுற்றின. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மேல் ஏதோ மினுங்கியது. மேடம் கண்ணாடிக் குவளையில் அள்ளி வெளிச்சத்தில் காட்டினார். ஒன்றும் தெரியவில்லை, அப்புறம் தெரிந்தது. கண்ணாடித் துளி மாதிரி, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு எண்ணெய்ப் பொட்டு.

மேடம் அழுதார். நான் அழவில்லை. நாளையிலிருந்து எனக்கு இங்கே வேலை, எட்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை. ஐந்தரைக்கு வீட்டில் இருப்பேன். யாருக்காக என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

2026 பிப்ரவரி 8, ஞாயிறு

ஐந்தரைக்கு வீட்டில் இருந்து இருந்து சுவரைப் பார்த்ததில் ஒரு மாதம் ஓடிவிட்டது.

இன்று மெர்லின் அக்கா வந்தார், தனியாக. பழம், முறுக்கு, ஒரு தாள். பள்ளிக்கூட ரெக்கார்டில் ஜூடிக்குப் பாதுகாவலர் என்று அவர்கள் பெயரைப் போட வேண்டுமாம். ஒரு கையெழுத்து. அப்புறம் காலேஜும் அங்கேயே.

"பொண்ணு நல்லா இருக்கா தம்பி. உங்களுக்கே தெரியும். ஒரு கையெழுத்துதானே?"

பேனாவை வாங்கிவிட்டேன். வாங்கித் தொலைத்தேன்! கை தானாகப் போகிறது, அப்படியே பழகிப்போச்சு. பெயருக்கு நேராக வைத்தபோது அந்த ஜிப்பு ஞாபகம் வந்தது.

"போடலக்கா."

"என்ன தம்பி?"

"நான் குடுக்கல. அவ அங்க கீறது அவ இஷ்டம். படிக்கட்டும். சாப்புடட்டும். உங்கள அம்மான்னு கூப்புடட்டும். ஆனா நான் எழுதிக் குடுக்க மாட்டேன். அவ என் பொண்ணு."

அக்கா அழுதார். தப்பு அவர் மேல் ஒன்றும் இல்லை, அதுதான் கொடுமை. ஒரு பிள்ளைக்காக ஏங்கிய பெண்ணிடம் இப்படிப் பேசிவிட்டேன். முறுக்கைத் தொடவில்லை. நான் செய்தது சரியா? ஹில்டா இருந்தால் சொல்லியிருப்பாள், உப்பு அதிகம் என்று.

2026 மார்ச் 1, ஞாயிறு

திருச்சியிலிருந்து போன் இல்லை. நான் போட்டாலும் எடுக்கவில்லை.

2026 மார்ச் 19, வியாழன்

இல்லை.

2026 ஏப்ரல் 14, செவ்வாய்

வேலையில் இருந்தபோது போன் அடித்தது. கை முழுக்க கணவாய் மை. முழங்கையால் தேய்த்து எடுத்தேன்.

"கையெழுத்து போட மாட்டேன்ட்டியாமே."

"ஆமா."

"பெரியம்மா ஒரு வாரம் சாப்புடல."

"தெரியும். மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு. ஆனா போட மாட்டேன்."

நான் எதையும் பேசவில்லை. தீனி, தண்ணீர், கமாலுதீன், எதுவும் இல்லை. தொட்டியில் பம்ப் ஓடும் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும்.

"கோணவாய் எப்டி கீது நைனா?"

"நல்லா கீது. ஆழி ஓட்ட ஒடச்சித் துன்னுகினு கீது."

"லீவுக்கு வரேன். பத்து நாளுக்குதான்."

"சரி."

"பத்தே நாளுதான், சொல்லிட்டேன்."

2026 ஏப்ரல் 21, செவ்வாய்

தீனி: கணவாய் இரண்டு கிலோ, ஆழி ஒரு வாளி. தண்ணீர் தெளிவு. செத்தது: இல்லை. கொடுத்தது: இல்லை.

நாளைக் காலை ஆறு மணிக்கு எழும்பூர். ஐந்து மணிக்கு வேலை முடிந்ததும் மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். கடையில் கூட்டம். போன தடவை அவள் எழுதிய சீட்டு பர்ஸிலேயே இருந்தது, மடித்த இடத்தில் கிழிந்துபோய். அதைப் பார்த்து, பெயரைச் சரியாகச் சொல்லிக் கேட்டேன். கடைக்காரர் செய்தித்தாளை எடுத்தார்.

சுற்ற வேண்டாம், அப்படியே கொடுங்கள் என்றேன்.